ஈயத்தில் வெள்ளியைக் கண்டவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரசவாதம் பற்றிய கட்டுரை படித்தேன். ஈயத்தைப் பொன்னாக்கப் பாடுபட்டவர்கள் எல்லோரையும் பித்தர்கள், எத்தர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது வருத்தமாக இருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மயில்துத்தம் கரைத்த நீல நீரில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைப்பேன். பாடம் முடிவதற்குள் ஆணியின் மேல் செந்நிறம் படர்ந்துவிடும். "சார், ஆணி செம்பாயிடுச்சு!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். இரும்பு கரைய, கரைசலில் இருந்த செம்பு வெளியே வந்து படிகிறது என்பது நமக்குத் தெரியும். தெரியாதவன் கண்ணுக்கு இரும்புதான் செம்பானது. இன்றைய ஸ்லோவாக்கியாவில், ஹெரன்கிரண்ட் சுரங்கத்து நீரில் இப்படிக் கிடைத்த செம்பில் கிண்ணங்கள் செய்து, "இரும்பாக இருந்தேன், செம்பாக இருக்கிறேன்" என்று பொறித்தே வைத்தார்கள்.

பண்டைய மத்தியதரைக்கடல் நாடுகள் அறிந்திருந்த உலோகங்கள் ஏழு: பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம், காரீயம், பாதரசம். பிற்பாடு அவற்றை ஏழு கோள்களோடு பொருத்தினார்கள்; பொன்னுக்கு ஞாயிறு, காரீயத்துக்குச் சனி. மட்டமான அந்தக் காரீயத்தின் மேல் ரசவாதிகளுக்கு ஏன் அத்தனை கண்? காரணம் பட்டறையில் இருக்கிறது. காரீயத் தாதுவில் பல இடங்களில் சிறிதளவு வெள்ளி கலந்திருக்கும். எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் ஈயத்தை வைத்து, காற்றுப் படும்படி நன்றாகக் காய்ச்சினால், ஈயம் காற்றோடு சேர்ந்து மிருதார்சிங்கி என்னும் ஈய ஆக்சைடாகிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும். கடைசியில் பளிச்சென்று ஒரு வெள்ளி மணி மட்டும் நிற்கும். போட்டது ஈயம், எடுத்தது வெள்ளி. இன்னும் பக்குவப்படுத்தினால் பொன்னாகாதா என்று அவன் கேட்டதில் என்ன பைத்தியக்காரத்தனம்?

எத்தர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. எகிப்தில் கிடைத்து, இப்போது நெதர்லாந்தின் லெய்டனில் இருக்கும் பாப்பிரஸ் சுவடியில் போலிப் பொன் செய்யும் முறைகள் இருக்கின்றன. ஆனால், மேற்கொண்டு பிரிக்க முடியாத பொருள்கள் இவை என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பட்டியல் போட்டது 1789-இல்தான். அந்த ஏழு உலோகங்களும் அதில் தனித்தனியே நிற்கின்றன. அதற்கு முன்பு வாழ்ந்தவர்களை அந்தப் பட்டியலை வைத்து எடை போடுவது நியாயமில்லை.

அடுத்த இதழிலாவது அவர்களுடைய உலைக்களத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். ஈயத்திலிருந்து வெள்ளி பிரிவதைப் படம் போட்டுக் காட்டினால் பிள்ளைகளுக்கும் விளங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கரூர்