புளியங்கொட்டைக்கு உயிர் உண்டு

ஐயா,

மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, உயிரற்றவை பட்டியலில் கல், நாற்காலியோடு புளியங்கொட்டையையும் எழுதியிருந்தாள். சரி என்று குறியும் விழுந்திருக்கிறது! "அது அசையல, சாப்பிடல தாத்தா" என்கிறாள். மேகம்கூடத்தான் நகர்கிறது, உப்புப் படிகம் வளர்கிறது; அவற்றுக்கு உயிர் உண்டா என்ன?

நாங்கள் புளி உடைக்கிற குடும்பம். குப்பைமேட்டில் வீசிய கொட்டை மழைக்கு முளைத்துவிடும். வறுத்த கொட்டை எத்தனை மழைக்கும் எழாது. பார்வைக்கு இரண்டும் சும்மா கிடப்பவைதான். ஆனால் பச்சைக் கொட்டைக்குள் கரு மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை 2005இல் முளைத்ததே!

உங்கள் மாணவர் பக்கத்தில் இதை எழுதுங்கள். வறுத்தது ஒன்று, வறுக்காதது ஒன்று என இரண்டு கொட்டாங்குச்சியில் ஊன்றியிருக்கிறோம். பேத்தி தினமும் தோண்டிப் பார்க்காமல் இருந்தால் சரி.

- ஒரு தாத்தா, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்