'தக்ஷிண்' உணவகத்தை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய உணவகங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ரத்னா கபே, புஹாரி எல்லாம் இருந்ததில் மகிழ்ச்சி. ஆனால் டி.டி.கே. சாலையில் இருந்த தக்ஷிண் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்குள் இருந்தது, பணக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டிருந்தால் அது சரியல்ல.

1989-ல் தக்ஷிண் திறந்த காலத்தில், பெரிய ஹோட்டலில் விருந்து என்றாலே சீன உணவு, தந்தூரி, கான்டினென்டல்தான். நம்மூர்ச் சாப்பாடு காபி ஷாப்பில் இட்லி, மசால் தோசையோடு நின்றுவிடும். வெளியூர் விருந்தாளிக்கு நம் சமையலைப் பெருமையாகப் பரிமாற அங்கே இடமே இல்லை. தக்ஷிண் அதை மாற்றியது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு மாநிலச் சமையலும் ஒரே மெனுவில். பித்தளை விளக்குகள், தஞ்சாவூர் ஓவியங்கள், வாழையிலை விரித்த வெள்ளித் தட்டு. உட்கார்ந்ததும் சின்னச் சின்ன வாழைப்பழ தோசையும் விதவிதமான சட்னிகளும் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஐயர்ஸ் ட்ராலி'. சாப்பிடுகிறவர்கள் கண்ணெதிரே தள்ளுவண்டியில் குழிப்பணியாரம் சுட்டுத் தருவார்கள். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று சொல்லிக்கொண்டே வந்த என் அம்மா, பணியாரம் சுட்டவரிடம் மாவுப் பக்குவம் கேட்க ஆரம்பித்துவிட்டார். அவரும் அடுத்த மேசைக்கு ஓடாமல் நின்று, உளுந்து அளவிலிருந்து புளிக்கும் நேரம் வரை பொறுமையாகச் சொன்னார். தன் வேலையை மதிக்கிறவர்தான் அப்படிப் பேசுவார்.

விலை அதிகம்தான், மறுக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம் என்றால்தான் போக முடிந்தது. ஆனால் அந்தக் காசுக்குப் பின்னால் உழைப்பு இருந்தது. நீண்ட காலம் அந்தச் சமையலறையை நடத்திய பிரவீன் ஆனந்த், வீடுகளுக்கே போய்க் குடும்பச் சமையல் முறைகளைத் தேடிச் சேர்த்தவர். பட்டர் சிக்கனுக்குக் கொடுக்கும் மரியாதையை மீன் மொய்லிக்கும் பிசிபேளாவுக்கும் கொடுக்கலாம் என்று நகரத்துக்குக் காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஹோலிடே இன், பார்க் ஷெரட்டன், கிரவுன் பிளாசா என்று பெயர் மாறி மாறி வந்த அந்த ஹோட்டல் 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. கட்டடம் போனதற்கு வருத்தப்படலாம், அவ்வளவுதான் நம்மால் முடியும். அங்கே பணியாரம் சுட்டவர்கள், பரிமாறியவர்கள், மசாலா அரைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உங்கள் நிருபர்கள் தேடிப் பேச வேண்டும். செய்முறைகளை அளவோடு, அவர்கள் சொல்லும் விதத்திலேயே வெளியிடுங்கள். தரமணியில் உள்ள ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி அவர்களை வகுப்புக்கு அழைத்தால் இன்னும் நல்லது. இதை இந்த வருடமே தொடங்குங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மந்தைவெளி, சென்னை.