தவறான விடையிலிருந்து தொடங்கலாம்

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பில் கணிதத்தில் பின்தங்கும் மாணவர்களுக்கு மாலை நேரச் சிறப்பு வகுப்பு நடத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் காலையில் நடத்தியதையே மாலையிலும் அதே மாதிரி நடத்தினால் என்ன பயன்? பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை அதன் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 'ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்றே ஒரு மாணவி எழுதிக்கொண்டிருந்தாள்; நடுவில் வரவேண்டிய 'டூ ஏபி'யை விட்டுவிடுவாள். வாய்ப்பாட்டை எத்தனையோ முறை எழுத வைத்தேன், மாறவில்லை. அப்புறம் 7 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை ஒன்றைக் கொடுத்து, எதிரெதிர் மூலைகளில் 3 செ.மீ., 4 செ.மீ. சதுரங்களை வெட்டச் சொன்னேன். மீதி இரண்டு செவ்வகத் துண்டுகள் அவள் கையில் இருந்தன. "இதுதானா சார் அந்த டூ ஏபி?" என்றாள். அதன்பின் அவள் அதில் தவறவே இல்லை.

ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களுக்கு வருவோர் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் குறித்து எடுத்துவரட்டும். அவை ஏன் வருகின்றன என்று பேச ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம். அறிவியல் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்.

- ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், மதுரை