ஆண் ஹார்மோன் ஊசி எழுதும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, வணக்கம்.

எனக்கு 34 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஓயாத சோர்வு, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை என்று ஒரு மருத்துவரிடம் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாலு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 260, குறைவு என்று வந்தது. அன்றைக்கே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ளச் சொல்லிச் சீட்டும் கொடுத்தார். சோர்வு விலகியது உண்மை, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்துக் குழந்தைக்காகப் பரிசோதனைக்குப் போனோம். விந்துப் பரிசோதனை அறிக்கையில் எண்ணிக்கைக்கு நேரே 'இல்லை' என்று அச்சடித்திருந்தது. என் மனைவி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கும் என்பதுபோல.

முதல் ஊசி போட்ட நாளில் "குழந்தை இருக்கா, இனிமேல் வேணுமா?" என்று யாருமே என்னைக் கேட்கவில்லை.

நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. லாரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் வீட்டு மோட்டாரை யார் போடுவார்கள்? ரத்தத்தில் ஊசி மருந்து நிறைந்திருப்பதைப் பார்த்து, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளை வேலை செய்யச் சொல்லும் எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடுகிறது. விரைகளுக்கு உத்தரவு வருவதில்லை. விந்தணு உருவாக விரைக்குள்ளே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். ஊசியால் அந்த அளவைக் கொண்டுவர முடியாது. ஊசியை நிறுத்தினாலும் விந்தணு திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும்.

என் 260-ஐயே முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை எடுத்து, இரண்டும் குறைவாக இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு என்று சொல்லலாம். கூடவே எல்.எச்.-ஐயும், பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினையும் பார்த்தால் கோளாறு விரையிலா, மூளைக்கு அடியிலா என்று தெரியும். எனக்கு அன்று தொப்பையும் இருந்தது, இரவெல்லாம் குறட்டையும் இருந்தது. இரண்டுமே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கக்கூடியவை.

ஊசியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பிட்யூட்டரி கட்டிக்கு அறுவை செய்துகொண்டவர்களுக்கு, கிளைன்ஃபெல்ட்டர் என்ற குரோமோசோம் குறைபாட்டோடு பிறந்தவர்களுக்கு இது வாழ்நாள் மருந்தாகவே வேண்டியிருக்கும். 5,200-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை என்றுதான் தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம். அதனால்தான் கண்காணிப்பு வேண்டும் என்கிறேன். ஊசி போட்ட காலத்தில் எனக்கு ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கடைசியில் ஒருவழியாகப் பார்த்தபோது 55. 54-ஐத் தாண்டினாலே மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும். வயது கூடியவர்களுக்கு புரோஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். இதே ஹார்மோனை ஜெல்லாகத் தடவுகிறவரிடம், தடவிய இடம் குழந்தைகள் மேல் படக்கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

இப்போது வேறொரு மருத்துவரிடம் பத்து மாதமாக, எல்.எச். போலவே விரைகளைத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொள்கிறேன். போன மாத அறிக்கையில் ஒரு மில்லிக்கு 20 லட்சம் விந்தணு. இயல்பின் கீழ் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது 1 கோடியே 60 லட்சம். குழந்தை வேணுமா என்ற அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால், விந்தணுவை முன்கூட்டியே சேமித்து வைக்கவாவது வழி இருந்திருக்கும். அடுத்து உங்கள் எதிரே வந்து உட்காரும் இளைஞனிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளி