ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிக்க வந்தவர்களுக்கு

அமெரிக்க ராணுவம் நடத்தும் குவாண்டனாமோ முகாமின் சிறைவாசிகளின் பெயர்களை உரக்க வாசிக்கப் போகிறோம் என்று சொன்னதும் "அது எங்கயோ கியூபாவுல இருக்கு, நமக்கு எதுக்குப்பா" என்று கேட்டவர்கள்தான் கடைசியில் நாற்காலியும் தூக்கிப் போட்டார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

கையில் இருந்தது 2006 மே மாதம் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, வெளியிட்ட பட்டியல். 759 பெயர்கள். அதுவும் தானாக வந்ததில்லை, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழக்குப் போட்டு வாங்கியது. முகாம் திறந்தது 2002 ஜனவரியில். அதன்பின் நான்கு வருஷத்துக்கு மேல் உள்ளே இருப்பது யார் என்ற முழு விவரமே வெளியில் வரவில்லை.

ஆட்கொணர்வு மனுவைப் பற்றிப் பேசிய வழக்கறிஞர் அக்காவுக்கு நன்றி. 2004 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சிறைவாசிகளும் மனு போடலாம் என்றது, சரி, பெயரே தெரியாமல் யாருக்காகப் போடுவது என்று அவர் கேட்டபோது கூடமே அமைதியானது. அங்கிருந்துதான் மாத்யூ டியாஸ் கதைக்கு வந்தார். குவாண்டனாமோவில் வேலை பார்த்த கடற்படை வழக்கறிஞர்; 2005 ஜனவரியில் சுமார் 550 பெயர்களை அச்செடுத்து, காதலர் தின வாழ்த்து அட்டைக்குள் வைத்து, நியூயார்க்கில் இருந்த ஒரு மனித உரிமை வழக்கறிஞருக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். ஆறு மாதம் சிறை. ராணுவ ரகசியத்தை வெளியே விடலாமா என்று பின்வரிசையில் ஒருவர் சண்டைக்கே வந்தார் (வந்ததற்கு அவருக்கும் நன்றி, இல்லையென்றால் கூட்டம் தூங்கியிருக்கும்). நான் டியாஸ் பக்கம்தான்.

அப்புறம் உஸ்தாத். மூன்று நாள் சாயந்திரம் உட்கார்ந்து உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்தார். "அப்துல்"லில் மூச்சு விடாதீங்க தம்பி, அதுக்கு 'இன்னாருடைய அடியான்'னு அர்த்தம், யாருடையன்னு சொல்லாம நிறுத்துனா எப்படி என்பார். அதற்கப்புறம் ஒவ்வொரு பெயரையும் முழுசாகத்தான் படித்தோம். சீனாவைச் சேர்ந்த உய்குர் இனத்தவர் 22 பேரையும் நான் அரபுக்காரர்கள் என்று குறித்து வைத்திருந்ததைத் திருத்தியவரும் அவரே.

நானூறைத் தாண்டியதும் என் தொண்டை கட்டிப்போனது. மீதியை வாங்கி வாசித்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே, நீங்கள் ஒரு இடத்திலும் திக்கவில்லை.

மைக் ஸ்டாண்டு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.