வண்டி எண்ணும் தேதியும் போதும்: வணிகவரி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். துறைக்குள் நடக்கும் லஞ்சத் தவற்றைத் துறையில் வேலை பார்க்கும் ஒருவரே எழுதி அனுப்பினால், அந்தக் கடிதம் என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். வந்த புகாரின் மேல் 'அறிக்கை அனுப்புக' என்று குறிப்பெழுதி, புகாருக்கு ஆளான அலுவலகத்துக்கே இறக்கிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். பெயர் போடாமல் எழுதினாலும் பயனில்லை. எந்த வண்டி, என்ன சரக்கு, எத்தனை மணி என்று எழுதியிருந்தாலே, அன்று ஸ்குவாட் (ரோட்டில் சரக்கு வண்டிகளைச் சோதிக்கும் குழு) வண்டியில் போன நாலு பேரில் யார் எழுதியது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பவரின் சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு கிரானைட் ஸ்லாப் போகிறது. சரக்கு மதிப்பு 4 லட்சம், 18 சதவீத வரி 72,000 ரூபாய். இ-வே பில்லில் (சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டு) வண்டி எண்ணின் 'டிஎன் 24' சரியாக இருக்கிறது. கடைசி எண்ணில் 8 விழவேண்டிய இடத்தில் 3 விழுந்துவிட்டது. வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் தவறினால் அது சிறு பிழைதான் என்கிறது 14.9.2018 தேதியிட்ட 64-ஆம் ஜிஎஸ்டி சுற்றறிக்கை. சிஜிஎஸ்டி (மத்திய வரி) 500, எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 500, ஆக 1,000 ரூபாய் அபராதத்தோடு முடியவேண்டிய விஷயம். அதையே, வண்டியைத் தடுத்து வைக்கும் ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவுக்குள் இழுத்தால் வரியைப்போல் இரு மடங்கு, 1,44,000 ரூபாய்.

இந்த ஆயிரத்துக்கும் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரத்துக்கும் நடுவில்தான் பேரம் பிறக்கிறது. பெரிய தொகையை முதலில் சொல்வார்கள். பில்லையும் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் ஒரு தாளும் தராமல் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள். பிறகு, 'ஓனருக்கு போன் போடு.' ஓசூர் கம்பெனிக்கு உதிரிபாகம் ஏற்றிய வண்டி என்றால் அங்கே உற்பத்தி லைன் நின்றுவிடும். ஓனர் வெகுநேரம் தாங்கமாட்டார்.

முறைப்படி பார்த்தால் ஓட்டுநர் வாக்குமூலத்துக்கு எம்ஓவி 01 படிவம், சரக்கை இறக்கிப் பார்க்க 02, பார்த்ததற்கு 04, தடுத்து வைக்க 06. தடுத்து வைத்த 7 நாளுக்குள் 07 நோட்டீஸ், அது கைக்குக் கிடைத்த 7 நாளுக்குள் 09 உத்தரவு. எழுத ஆரம்பித்துவிட்டால் பேரத்துக்கு இடமில்லை. அதனால் எழுதப்பட்ட கோப்பைத் தணிக்கை செய்து இதைப் பிடிக்க முடியாது. தவறு நடப்பது தாளே எழுதாத அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில். பார்த்தவர்கள் ஓட்டுநரும் கூட இருந்த ஊழியர்களும்தான். ஓட்டுநர் அடுத்த வாரமும் அதே ரோட்டில் வந்தாக வேண்டும், வாய் திறக்கமாட்டார்.

ஆனால் தடயம் இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 138சி-யின்படி சோதனை செய்த 24 மணி நேரத்துக்குள் இடபிள்யூபி 03 என்ற சோதனை அறிக்கைப் படிவத்தின் முதல் பகுதியும், 3 நாளுக்குள் இரண்டாம் பகுதியும் போர்ட்டலில் ஏற்றப்பட வேண்டும். 2021 ஜனவரி முதல் ஃபாஸ்டேக் பதிவும் இ-வே பில்லோடு சேர்ந்துவிட்டது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டிய லோடு வண்டி, தொப்பூர் பக்கம் உள்ள பாளையம் சுங்கச்சாவடிக்கு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். ஆறு மணி நேரம் கழித்து வந்திருக்கிறது, இடபிள்யூபி 03 ஏற்றப்படவில்லை, அந்த நேரத்தில் ஸ்குவாட் அந்தத் தடத்தில் இருந்திருக்கிறது என்றால் கேள்வி கேட்க அது போதும். (அதை மட்டும் வைத்துத் தண்டிக்கச் சொல்லவில்லை. டயர் பஞ்சரும் உண்டு, ஓட்டுநரின் தூக்கமும் உண்டு.)

ஆகவே எழுதும் ஊழியரிடம் வாக்குமூலம் கேட்காதீர்கள், சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அவர் வண்டி எண்ணும் தேதியும் கொடுத்தால் போதும்; மீதியைத் தலைமை அலுவலகம் சர்வரிலிருந்தே எடுக்கலாம். எடுக்கும்போது அந்த ஒரு நாளை மட்டும் எடுக்கக் கூடாது, அந்த ஸ்குவாடின் ஒரு மாதப் பதிவு முழுவதையும் எடுக்க வேண்டும். ஒரு நாளை மட்டும் தொட்டால் எழுதியவரைக் காட்டிக்கொடுத்தது போலத்தான்.

ஜிஎஸ்டி பதிவு விண்ணப்பத்தில் ஏழாவது வேலைநாளில் கேள்வி போடுவது, ரீஃபண்டில் பதினைந்தாம் நாள் குறை மெமோ (விண்ணப்பத்தில் குறை இருக்கிறது என்ற தாள்) கொடுப்பது ஆகியவற்றையும் இதே முறையில் லாகின் வாரியாகப் பார்க்கலாம். கெடுவின் கடைசி நாள் வரை காத்திருந்து திருப்பும் லாகின் எது என்று பட்டியலே சொல்லிவிடும்.

பாதுகாப்புக்குச் சட்டம் இருக்கிறதே என்று சொல்லவேண்டாம். நெடுஞ்சாலை ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு 2004-இல் வந்த மத்திய அரசுத் தீர்மானம், புகார் தருபவரின் பெயரை ரகசியமாக வைக்கும் பொறுப்பை மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தந்தது. மத்திய ஜிஎஸ்டி ஊழியருக்கு அந்த வழி உண்டு, மாநில வணிகவரி ஊழியருக்கு இல்லை. 2014-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. இங்கே ஊழியர் கண்முன் நிற்பது 17(பி) மெமோவும் (கடும் தண்டனைக்கான குற்றச்சாட்டுத் தாள்), பதவி உயர்வுப் பட்டியலில் விடுபடும் பெயரும், தூரத்து மாறுதலும்.

மத்திய ஆணையத்தின் நடைமுறையில் ஒன்றை நீங்கள் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம். மூடி முத்திரையிட்ட உறை, விவரம் ஒரு தாளில், பெயர் தனித் தாளில். பெயர்த் தாள் உங்கள் கையைத் தாண்டக் கூடாது. புகார் வந்த அலுவலகத்தில் அடுத்த ஓராண்டுக்கு யாருக்கு மாறுதலோ 17(பி)-யோ போட்டாலும், காரணத்தோடு உங்கள் கையெழுத்து வேண்டும் என்று ஆக்குங்கள். எழுதியவருக்கு மட்டும் என்று வைத்தால் அவர் யார் என்று அதுவே சொல்லிவிடும்.

வணிகர்கள் பக்கம் இரண்டு விஷயம் தெரியாமலே போகிறது. வண்டி 30 நிமிடத்துக்கு மேல் நிறுத்தப்பட்டால் இடபிள்யூபி 04 படிவத்தில் இ-வே பில் போர்ட்டலிலேயே பதியலாம். கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ சொல்லிவிட்டால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு அவரைக் குற்றவாளியாக்காது. பயந்து பயந்து பத்தாம் நாள் வருபவருக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது. இவ்விரண்டையும் தமிழில் ஒரு பலகையாக எழுதி ஒவ்வொரு வணிகவரி வட்ட அலுவலகத்தின் வாசலிலும், லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் வைக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரியைச் சேர்ந்த வரி ஆலோசகர்கள், கணக்கர்கள்