சேஃப் மோடில் மட்டும் ஓடிய கம்ப்யூட்டரை ‘போர்டு போச்சு’ என்று எழுதிக் கொடுத்தது பற்றிப் புகார்

அனுப்புநர்:
எடைமேடை நிர்வாகம்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கம்ப்யூட்டர் பராமரிப்பு நிறுவனம்.

பொருள்: தவறான பழுது அறிக்கையைத் திரும்பப் பெறுவதும், வாங்கிய தொகையைத் திருப்பித் தருவதும் தொடர்பாக.

ஐயா, வணக்கமுங்க.

எங்கள் எடைமேடையில் எடைச்சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டர் உங்கள் வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. விண்டோஸ் 7, 32 பிட். இரண்டு 1 ஜிபி டிடிஆர்2 ராம். எடைக்காட்டிக்கு ஒன்பது பின் சீரியல் போர்ட். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் பேரலல் போர்ட். விண்டோஸ் லோகோ வந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றுதான் முதலில் புகார் கொடுத்தோம். உங்கள் பணியாளர் வந்து எஃப் 8 அழுத்தி, மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் திறந்தார், விண்டோஸ் எப்படித் தொடங்க வேண்டும் என்று அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில் ஏதோ மாற்றினார், “பாத்துட்டுச் சொல்றனுங்ணா” என்று கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எஃப் 8 அழுத்தாமலே, எத்தனை முறை போட்டாலும் சேஃப் மோட்தான். திரையின் நான்கு மூலையிலும் ‘சேஃப் மோட்’ என்ற எழுத்து, நடுவே கறுப்பு.

இரண்டாவதாக வந்தவர் சிமாஸ் பேட்டரியை (தேதி, நேரத்தை நினைவில் வைக்கப் போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி) மாற்றினார், ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் சேஃப் மோடிலேயே நின்றதால் ‘மதர்போர்டு பழுது, புதிய கம்ப்யூட்டர் தேவை’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எங்கள் ஆட்சேபணை இந்த அறிக்கையின் மேல்தான்.

சேஃப் மோடிலும் அதே போர்டு, அதே பிராசசர், அதே ராம், அதே ஹார்டுடிஸ்க்தான் வேலை செய்கின்றன. விட்டுப் போவது கிராஃபிக்ஸ் கார்டின் (திரைக்குப் படம் அனுப்பும் கார்டு) சொந்த டிரைவர், அதாவது அதை இயக்கும் சாஃப்ட்வேர், சவுண்டு டிரைவர், ஸ்டார்ட்அப்பில் ஓடும் புரோகிராம்கள், பெரும்பாலான சர்வீஸ்கள். பிரிண்டருக்கு வேலை அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரும் அதில் சேர்த்தி என்பதால்தான் எங்களுக்குச் சீட்டு அடிக்க முடியாமல் போனது. எடைக்காட்டியைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்தோம். சேஃப் மோடில் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடுகிற கம்ப்யூட்டரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அங்கே விட்டுப்போன பொருள்களை. போர்டு கெட்டால் கம்ப்யூட்டர் தடுமாறும், நிற்கும், படமே வராது. ஒவ்வொரு முறையும் தவறாமல் சேஃப் மோடையே தேர்ந்தெடுக்காது.

அப்படித் தேர்ந்தெடுக்கிறது என்றால் யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து பூட் டேபுக்குப் போனோம். ‘சேஃப் பூட்’ பெட்டியில் டிக் இருந்தது. உங்கள் முதல் பணியாளர் வைத்துவிட்டு எடுக்க மறந்த டிக். அந்த டிக் இருக்கிறவரை எந்தப் பாகத்தை மாற்றினாலும் சேஃப் மோட்தான் வரும். புது ராம் போட்டாலும் அதேதான். அதை எடுத்து அப்ளை, ஓகே, ரீஸ்டார்ட் கொடுத்ததும் பழைய கோளாறு அப்படியே திரும்பி வந்தது: லோகோ வரும், ரீஸ்டார்ட் ஆகும். எங்களுக்கு அது நல்ல செய்தி. உண்மையான பழுது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

எஃப் 8 மெனுவில் ‘ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்’டை நிறுத்தச் சொல்லும் வரி ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை மறையாமல் நிற்கும். கடைசியில் 116 என்று முடியும் எண் வந்தது. டிஸ்ப்ளே டிரைவருக்குக் கிராஃபிக்ஸ் கார்டு பதில் கொடுக்கவில்லை என்பதைக் குறிக்கும் எண் அது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் கார்டின் சின்ன ஃபேன் சுற்றவே இல்லை. பக்கத்து அரிசி ஆலைகளின் தவிட்டுத் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு இறக்கைகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் பற்களை முழுக்க அடைத்திருந்தது. நகத்தால் கீறினால் திரியாக உரிந்து வந்தது. காங்கேயம் பக்கம் தவிடு பறக்காத இடம் ஏது? இங்கே வருகிற பணியாளர் முதலில் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாமா?

கார்டைக் கழற்றி, மானிட்டரைப் போர்டிலேயே இருக்கும் விஜிஏ போர்ட்டில் மாட்டினோம். முதல் முயற்சியிலேயே நார்மலாகத் திறந்தது. எடைச்சீட்டு அடிக்கத் தனி கார்டே தேவையில்லை என்பதால் அதைத் திரும்ப மாட்டவில்லை.

‘போர்டு போச்சு’ என்று எழுதுமுன் பார்த்திருக்க வேண்டியவற்றையும் பார்த்தோம். கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாகவே இருக்கிறது, உப்பலோ கசிவோ இல்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் வயரில் 11.9 வோல்ட், சிவப்பில் 5.1 வோல்ட். மஞ்சளான 12 வோல்ட் லைனுக்கு 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பான 5 வோல்ட் லைனுக்கு 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். ஹார்டுடிஸ்கில் கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டார் (பதிவுப் பகுதி) ஒன்றுகூட இல்லை. ராம் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டோம், பிழை வரவில்லை.

பேட்டரி மாற்றியவர் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்யாமல் போனதையும் சொல்ல வேண்டும். வருடம் 2008 என்று நின்றது. நார்மலாகத் திறந்ததும் சோதனைக்கு அடித்த முதல் சீட்டில்தான் அதைக் கண்டோம். அந்தத் தேதியோடு ஒரு லாரிக்குச் சீட்டுப் போயிருந்தால் ஆலையில் லோடே இறக்கியிருக்க மாட்டார்கள்.

“சி டிரைவை ஃபார்மட் பண்ணிப் பாக்கலாமுங்களா?” என்றும் அவர் கேட்டார். பழைய எடைப் பதிவுகள் எல்லாம் அந்த டிரைவில்தான் இருக்கின்றன. பேக்கப் எடுத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேஃப் மோட் திறக்கிறதே, அந்த நேரத்தில் முதலில் செய்ய வேண்டியது பென்டிரைவில் பதிவுகளை நகலெடுப்பதுதான்.

இது பழைய கம்ப்யூட்டர் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்துவிட்டது. அதனால் இதில் இன்டர்நெட் இணைப்பே கிடையாது. ஒருநாள் மாற்றத்தான் போகிறோம், ஆனால் எடை சாஃப்ட்வேரும் சீரியல் போர்ட்டும் புதியதில் ஒத்துப் போகிறதா என்று பார்த்துவிட்டு. இல்லாத பழுதை நம்பி அவசரத்தில் மாற்ற மாட்டோம்.

‘மதர்போர்டு பழுது’ அறிக்கையை எழுத்து மூலம் ரத்து செய்து, உண்மையான பழுதைக் குறிப்பிட்டுப் புதிய அறிக்கை தர வேண்டும். தேவையில்லாமல் மாற்றிய பேட்டரிக்கு வாங்கிய 350 ரூபாயையும், இரண்டாம் வருகைக்கு வாங்கிய 600 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். சேஃப் பூட்டில் டிக் வைக்கிற பணியாளர் அதைச் சர்வீஸ் சீட்டில் எழுதிவிட்டு, கிளம்புமுன் எடுத்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதலில் வந்தவர் அந்த வாரம் போன மற்ற இடங்களிலும் ஒருக்கா விசாரியுங்கள். இதே டிக்கால் நல்ல கம்ப்யூட்டரை யாராவது எடைக்குப் போட்டுவிடப் போகிறார்கள்.

கழற்றிய கார்டையும் பழைய பேட்டரியையும் கவரில் போட்டு வைத்திருக்கிறோம். பார்க்க ஆள் அனுப்புவதாக இருந்தால் காலை 11 மணிக்கு மேல் அனுப்புங்கள்; அதற்கு முன் லோடு லாரிகள் வரிசையில் நிற்கும்.

இப்படிக்கு,
எடைமேடை நிர்வாகம், காங்கேயம்.

இணைப்பு: இரண்டு சர்வீஸ் அறிக்கைகளின் நகல், ரசீது நகல், கார்டின் புகைப்படம், 2008 தேதியிட்ட சோதனைச் சீட்டு.